2021 ஜி லீக்: பதினைந்தே ஆட்டங்களில் முடிந்த சீசனின் கோப்பைக்கு என்ன மதிப்பு?

கேள்வி: கோவை_பாயிண்ட்கார்டு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கல்லூரிக் கூடைப்பந்துக் குழுவின் ஆண்டு மலருக்காக, அமெரிக்காவின் முதன்மைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வின் வளர்ச்சி நிலைத் தொடரான ஜி லீக் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏதேனும் ஒரு சீசனை மட்டும் எடுத்துக்கொண்டு ஆழமாகப் பேசலாம் என்று எண்ணி, கொரோனா காலத்தில் ஃபுளோரிடாவின் டிஸ்னி வளாகத்துக்குள்ளேயே நடத்தி முடிக்கப்பட்ட 2020–21 சீசனைத் தேர்ந்தெடுத்தேன். 2021 பிப்ரவரி 10 அன்று தொடங்கி மார்ச் 11 அன்று இறுதி ஆட்டம். அதாவது, ஒரு மாதத்திற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வழக்கமாக ஐம்பது ஆட்டங்கள் ஆடும் அணிகள் அவ்வாண்டு தலா பதினைந்து ஆட்டங்களே ஆடின. முதல் எட்டு இடங்களைப் பிடித்த அணிகள், தோற்றால் வெளியேற வேண்டும் என்ற முறையில் காலிறுதி, அரையிறுதி, இறுதி என்று மோதின. முடிவில் லேக்லேண்ட் மேஜிக் அணி டெலவேர் புளூ கோட்ஸ் அணியை 97–78 என்ற கணக்கில் வென்று கோப்பையை எடுத்துக்கொண்டது.

என் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. லீக் சுற்றில் 12 வெற்றி, 3 தோல்வி என்று முதலிடத்தில் நின்ற ராப்டர்ஸ் 905 அணி அரையிறுதியிலேயே டெலவேரிடம் தோற்று வெளியேறியது. கோப்பையை வென்ற லேக்லேண்ட் அணியோ முதல் நான்கு இடங்களில்கூட இல்லை. அப்படியானால் அந்தச் சீசனின் சிறந்த அணி எது என்று எழுதுவது? அதைவிட முக்கியமாக, வீரர்களை மேலே அனுப்புவதற்கென்றே நடத்தப்படும் ஒரு தொடரில் வெற்றி தோல்விப் பட்டியலை வைத்து எதையாவது சொல்ல முடியுமா? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: பழைய_சென்டர்

நண்பருக்கு வணக்கம். உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். அதற்கு விடை கிடைத்தால் முதல் கேள்வியின் கனம் தானாகவே குறைந்துவிடும் என்பது என் கருத்து.

ஒரு சாதாரண லீக்கில் நல்ல வீரர் அணியில் நீடிப்பார், அணி வலுப்பெறும். ஜி லீக்கில் நடப்பது இதற்கு நேர்மாறானது. ஒரு வீரர் நன்றாக ஆடிவிட்டால் மேலே உள்ள என்பிஏ அணி அவரை அழைத்துக்கொள்ளும். அன்று மாலையே பயிற்சியாளர் அவர் இல்லாத ஐவரைக் களமிறக்க வேண்டியிருக்கும். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு கெவின் போர்ட்டர் ஜூனியர். அவ்வாண்டு ஜனவரியில் கிளீவ்லேண்ட் அணியிலிருந்து ஹூஸ்டனுக்கு மாற்றப்பட்ட அவரை, ஹூஸ்டன் நிர்வாகம் நேராகத் தன் களத்தில் இறக்காமல், தன் கிளை அணியான ரியோ கிராண்டே வேலி வைப்பர்ஸோடு டிஸ்னி வளாகத்துக்கு அனுப்பியது. அங்கே அவர் கையில் பந்தைக் கொடுத்து, ஆட்டத்தை நடத்தும் கார்டாக அவரை மாற்றிப் பார்த்தார்கள். போதும் என்று தோன்றியதும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். லேக்லேண்ட் கோப்பையைத் தூக்கிய அதே மார்ச் 11 அன்று, நாட்டின் மறுகோடியில் அவர் ஹூஸ்டனுக்காகத் தன் முதல் ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தார். அடுத்த மாத இறுதியில் மில்வாக்கிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 50 புள்ளிகள் எடுத்தார். வைப்பர்ஸின் வெற்றிக் கணக்கில் இவற்றில் எதையும் நீங்கள் பார்க்க முடியாது.

ஓக்லஹோமா சிட்டி புளூ அணிக்கு ஆடிய மோசஸ் பிரவுனின் கதையும் அத்தகையதே. ஏழடிக்கு மேல் உயரம் கொண்ட அந்தச் சென்டர், டிஸ்னி வளாகத்தில் வளையத்தின் அடியில் ஆள் அசைக்க முடியாதபடி நின்று ரீபவுண்டுகளை, அதாவது வளையத்தில் விழாமல் திரும்பும் பந்துகளை, அள்ளினார். அதே மார்ச் மாதக் கடைசியில் பாஸ்டனுக்கு எதிரான என்பிஏ ஆட்டத்தில் 21 புள்ளிகளும் 23 ரீபவுண்டுகளும் எடுத்தார். அந்த ரீபவுண்டுகளில் பெரும்பாலானவை முதல் பாதியிலேயே வந்தவை. ஓரிரு நாள்களில் பல ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

எனக்கு மிகவும் பிடித்தது கேரி பேட்டன் இரண்டாமவரின் பாதை. அவர் புகழ்பெற்ற தந்தையின் மகன்; ஆனால் அந்தப் பெயரே சுமையாகி, 28 வயதிலும் நிலையான இடம் இல்லாமல் அலைந்தவர். அவ்வாண்டு ராப்டர்ஸ் 905 அணிக்காக ஆடி, லீக்கின் சிறந்த தற்காப்பு வீரர் விருதைப் பெற்றார். ஏப்ரலில் கோல்டன் ஸ்டேட் அணி அவருக்குப் பத்து நாள் ஒப்பந்தம் ஒன்றைக் கொடுத்தது. அதன் பிறகும் எதுவும் உறுதியாகவில்லை. அணியில் இடம் கிடைக்காவிட்டால் அதே அணியின் வீடியோ பிரிவில் வேலை கிடைக்குமா என்று அவர் கேட்டுப் பார்த்த செய்தி பின்னாளில் பரவலாக வெளிவந்தது. ஆனால் 2022 ஜூனில் என்பிஏ கோப்பையை வென்ற கோல்டன் ஸ்டேட் அணியில், எதிரணியின் சிறந்த கார்டை முடக்கும் பொறுப்பு அவரிடம்தான் இருந்தது.

ஆகவே 905 அணி அரையிறுதியில் தோற்றதை ஒரு தோல்வியாக எழுதுவதற்கு முன்னால் பேட்டனை நினைத்துக்கொள்ளுங்கள். வளர்ச்சி லீக் என்பது நாற்றங்கால். அதை நாற்று பறித்து நடப்பட்ட வயலில் போய் அளக்க வேண்டுமே தவிர, நாற்றங்காலிலேயே கதிர் எண்ணக் கூடாது.

பதில் 2: பெஞ்சுக்காரன்

பழைய சென்டர் ஐயா எழுதியதில் தகவல் பிழை ஏதும் இல்லை. ஆனால் நாற்றங்கால் உவமையை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. மேலே போனவர்கள் பெயரை மட்டும் வைத்து ஒரு சீசனை எழுதினால், அங்கே வியர்வை சிந்திய பெரும்பாலானவர்களைக் கணக்கிலிருந்தே நீக்கிவிடுகிறோம். நான் மாவட்ட அணியில் மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் என்பதால் இந்த வலி எனக்குச் சற்று அதிகமாகத் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெரமி லின் அவ்வாண்டு சான்டா குரூஸ் வாரியர்ஸ் அணிக்காக ஆடினார். 2012 ஜனவரியில் இதே லீக்கில் ஈரி அணிக்காக ஆடிக்கொண்டிருந்தவர், இரண்டே வாரங்களில் நியூயார்க் நகரையே தன் பின்னால் திரட்டிய கதையை நாம் அனைவரும் அறிவோம். 2019-இல் டொராண்டோ அணியோடு என்பிஏ கோப்பையும் பெற்றவர். அதன்பின் சீனாவில் ஒரு சீசன் ஆடிவிட்டு, 32 வயதில், நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு மறுபடியும் இந்த அடிமட்டத்துக்கு வந்தார். ஆட்டத்துக்குச் சராசரியாக 19.8 புள்ளிகளும் ஆறுக்கு மேற்பட்ட அசிஸ்டுகளும் (சக வீரர் புள்ளி எடுக்க உதவும் பாஸ்கள்) எடுத்தார். களத்தில் ஒருவர் தன்னைக் கொரோனா வைரஸ் என்று அழைத்ததாக அவர் வெளிப்படையாக எழுதியதும் அந்தச் சமயத்தில்தான்; அழைத்தவர் யார் என்பதைச் சொல்ல அவர் மறுத்துவிட்டார். இத்தனைக்குப் பிறகும் என்பிஏ-விலிருந்து அழைப்பு வரவில்லை. அவர் மீண்டும் சீனாவுக்கே திரும்பினார். மேலே போனவர்களை மட்டும் எண்ணும் கணக்கில் லின்னின் அந்த ஒரு மாதம் பூச்சியம். அதை நான் எப்படி ஒப்புக்கொள்வது?

கோப்பைக்கும் மதிப்பு உண்டு. இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரராகத் தேர்வானவர் டெவின் கேனடி. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் படித்தவர்; என்பிஏ அணிகள் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எந்த அணியும் எடுக்காதவர்; முதல் ஐவரிலும் இல்லாதவர். பெஞ்சிலிருந்து எழுந்து வந்து இறுதி ஆட்டத்தில் 22 புள்ளிகள் எடுத்தார். (எங்கள் இனம் என்பதால் இதை இரண்டு முறை பார்த்தேன்.) அந்த ஆட்டம் இல்லாவிட்டால் அடுத்த மாதம் ஆர்லாண்டோ மேஜிக் அணி அவருக்கு ஒப்பந்தம் கொடுத்திருக்குமா என்பது ஐயமே. அதாவது கோப்பைக்கான ஆட்டம் வேறு, வீரரின் முன்னேற்றம் வேறு என்று பிரிக்க முடியாது. மேலே உள்ளவர்கள் பார்க்க விரும்புவது, தோற்றால் வீடு என்ற நிலையில் ஒருவர் எப்படி ஆடுகிறார் என்பதைத்தான்.

பதில் 3: எண்கணக்கன்

உங்கள் முதல் கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை என்பதால் நான் முயல்கிறேன். ராப்டர்ஸ் 905 தோற்றதில் வியப்படைய ஒன்றும் இல்லை. எளிய பெருக்கலே போதும். 15-இல் 12 வெற்றி என்றால் 80 விழுக்காடு. இறுதிச் சுற்றிலும் ஒவ்வோர் ஆட்டத்தையும் வெல்ல அவர்களுக்கு அதே 80 விழுக்காடு வாய்ப்பு இருந்தது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மூன்று ஆட்டங்களையும் தொடர்ந்து வெல்லும் வாய்ப்பு 0.8 × 0.8 × 0.8, அதாவது 51 விழுக்காடு. காசைச் சுண்டிப் போட்டு முடிவு செய்வதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. மற்ற ஏழு அணிகளின் வாய்ப்பும் 905-இன் வாய்ப்பைவிட மிகக் குறைவு என்பதையும் மறக்க வேண்டாம். எனவே சிறந்த அணி எது என்றால் 905; கோப்பையை வென்ற அணி எது என்றால் லேக்லேண்ட். இரண்டையும் எழுதுங்கள், இரண்டும் உண்மை.

இன்னொரு செய்தி உங்கள் கட்டுரைக்குப் பயன்படலாம். 2019–20 முதல் ஜி லீக்கில் ஃப்ரீ த்ரோ, அதாவது எதிரணியின் தவறுக்காக யாரும் தடுக்காமல் எறியக் கிடைக்கும் வாய்ப்பு, அதற்கான விதி வேறு. ஃபவுலுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைக்க வேண்டிய இடத்தில் வீரர் ஒரே முறைதான் எறிவார். விழுந்தால் இரண்டு புள்ளிகள், விழாவிட்டால் ஒன்றுமில்லை. மூன்று கிடைக்க வேண்டிய இடத்தில் அந்த ஓர் எறிதலுக்கே மூன்று புள்ளிகள். நான்காவது கால் பகுதியின் கடைசி இரண்டு நிமிடங்களிலும் கூடுதல் நேரத்திலும் மட்டும் பழைய முறை. ஆட்டத்தை விரைவாக முடிப்பதே இதன் நோக்கம்.

நூற்றுக்கு எழுபது முறை பந்தை வளையத்தில் போடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பழைய முறையில் இரண்டு எறிதல்களில் அவர் சராசரியாக 1.4 புள்ளிகள் எடுப்பார். புதிய முறையிலும் அதே 1.4 தான். ஆனால் பழைய முறையில் அவர் வெறுங்கையோடு திரும்பும் வாய்ப்பு 9 விழுக்காடு. புதிய முறையில் 30 விழுக்காடு. சராசரி மாறவில்லை, ஏற்ற இறக்கம் மட்டும் இரட்டிப்பாகிறது. ஏற்ற இறக்கம் கூடினால் யாருக்கு நன்மை? வலுக்குறைந்த அணிக்கு. ஓர் ஆட்டத்தில் இதன் விளைவு சிறியதுதான். ஆயினும் தோற்றால் வெளியேற வேண்டும் என்ற முறையும் இந்த விதியும் ஒரே பக்கமாகவே தள்ளுகின்றன. முதலிடத்து அணிக்கு இதைவிட வசதியில்லாத ஏற்பாட்டை நினைத்துப் பார்ப்பது கடினம்.

என்பிஏ தன் விதி மாற்றங்களை முதலில் சோதித்துப் பார்க்கும் இடமும் இந்த லீக் தான். வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தைத் தாக்கும் அணியே மீண்டும் பிடித்தால் 24 நொடிக்குப் பதில் 14 நொடி என்ற விதியும், நடுவரின் முடிவைப் பயிற்சியாளர் மறுபரிசீலனைக்குக் கேட்கும் விதியும் இங்கே ஆடிப் பார்த்த பிறகே மேலே போயின. ஒற்றை ஃப்ரீ த்ரோ மட்டும் இன்னும் கீழேயே நிற்கிறது.

பதில் 4: கோவை_பாயிண்ட்கார்டு

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. 51 விழுக்காடு என்ற கணக்கை இன்று மாலைப் பயிற்சியின்போது மாணவர்களிடம் சொன்னேன். ஒருவரும் நம்பாமல் பந்துப் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கைபேசியில் தாங்களே பெருக்கிப் பார்த்தார்கள்.

பெஞ்சுக்காரன் அவர்களிடம் ஒரு கேள்வி: கேனடிக்கு அதன்பின் என்ன ஆயிற்று? மேலும், பிரின்ஸ்பால் சிங் என்ற இந்திய வீரர் அந்தச் சீசனில் ஆடினார் என்று படித்தேன். அவரைப் பற்றியும் யாரேனும் சொன்னால் எங்கள் மாணவர்களுக்கு ஒரு பிடிப்பு உண்டாகும்.

பதில் 5: பெஞ்சுக்காரன்

கேனடியைப் பற்றி எழுத மனம் வரவில்லை, ஆனாலும் கேட்டுவிட்டீர்கள். ஆர்லாண்டோ அணியில் சேர்ந்த சில வாரங்களிலேயே, 2021 ஏப்ரல் 25 அன்று இந்தியானாவுக்கு எதிரான ஆட்டத்தில் தரையிறங்கும்போது வலது கணுக்கால் முறிந்து எலும்பு வெளியே தெரியும் அளவுக்குக் காயம் ஏற்பட்டது. தூக்குப் படுக்கையில் வைத்துக் கொண்டுபோனார்கள். ஓராண்டு கழித்து, 2022 வசந்த காலத்தில், அதே ஆர்லாண்டோ அணிக்கு அவர் மீண்டும் ஆடினார் என்பதை அவசியம் சேர்த்து எழுதுங்கள்.

பதில் 6: பழைய_சென்டர்

லின்னைப் பற்றிப் பெஞ்சுக்காரன் எழுதியது என் கருத்தைச் சற்று அசைத்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கதிர் எண்ணும் கணக்கு நிர்வாகத்தின் கணக்கு. ஆடுகிறவனின் கணக்கு வேறாக இருக்கலாம்.

பிரின்ஸ்பால் சிங் பஞ்சாபின் குருதாஸ்பூர் மாவட்டத்துக்காரர். ஆறடி ஒன்பது அங்குலத்துக்குக் குறையாத உயரம். லூதியானா அகாடமியில் பயின்று, என்பிஏ-வின் இந்திய அகாடமிக்குத் தேர்வாகி, அங்கிருந்து ஆஸ்திரேலியாவில் உள்ள உலக அகாடமிக்குச் சென்றவர். 2020-இல் இக்னைட் அணி அவரை ஒப்பந்தம் செய்தது. அந்த அணியின் தன்மையை உங்கள் மாணவர்களுக்கு விளக்க வேண்டும். டிஸ்னி வளாகத்துக்கு வந்த 18 அணிகளில் 17 அணிகள் ஏதேனும் ஓர் என்பிஏ அணியின் கிளைகள். இக்னைட் மட்டும் லீக் நிர்வாகமே நேரடியாக நடத்திய அணி. பள்ளிப் படிப்பு முடித்த கையோடு கல்லூரிக்குப் போகாமல் சம்பளத்துக்கு ஆட விரும்பிய இளைஞர்களை மூத்த வீரர்கள் சிலரோடு சேர்த்து அமைத்திருந்தார்கள். ஜேலன் கிரீனும் ஜோனதன் குமிங்காவும் அங்கே ஆடிய அந்த ஒரு மாதம் போதும் என்று கருதி, அவ்வாண்டு டிராஃப்டில் ஹூஸ்டன் கிரீனை இரண்டாவது இடத்திலும், கோல்டன் ஸ்டேட் குமிங்காவை ஏழாவது இடத்திலும் எடுத்தன. அணி 8 வெற்றி, 7 தோல்வியோடு எட்டாவது இடத்தில் உள்ளே நுழைந்து, காலிறுதியில் 905-இடம் தோற்றது.

அந்த அணியின் மூத்தவர்களில் ஒருவர் அமீர் ஜான்சன். 2005 டிராஃப்டில் 56-ஆவதாக எடுக்கப்பட்டவர். வயது வரம்பு விதி வருவதற்கு முன், பள்ளியிலிருந்து நேரே என்பிஏ-வுக்குத் தேர்வான கடைசி வீரர் அவர்தான். கல்லூரி வாசலை மிதிக்காத கடைசித் தலைமுறையின் கடைசி ஆள், கல்லூரியைத் தவிர்த்து வந்த புதிய தலைமுறைக்குப் பக்கத்தில் நின்று வளையத்தடியில் கால் வைக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். யார் திட்டமிட்டார்களோ தெரியாது, எனக்கு அந்தச் சீசனில் மறக்க முடியாத காட்சி அது.

பிரின்ஸ்பாலுக்கு அங்கே கிடைத்தவை சில நிமிடங்களே. அதை மிகைப்படுத்தி எழுத வேண்டாம். ஆனால் 2021 ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் கோடைக்கால லீக்கில் பட்டம் வென்ற சேக்ரமென்டோ கிங்ஸ் அணியில் அவர் இடம்பெற்றிருந்தார். என்பிஏ நடத்தும் எந்தத் தொடரிலும் பட்டம் வென்ற அணியில் இந்தியர் ஒருவர் இருந்தது அதுவே முதல் முறை. அவருக்கு முன்பும் நம்மவர்கள் இந்த லீக்கில் ஆடியிருக்கிறார்கள் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்: 2015-இல் டல்லாஸ் அணி டிராஃப்டில் எடுத்த சத்னாம் சிங் டெக்சஸ் லெஜண்ட்ஸ் அணிக்கும், அம்ஜியோத் சிங் ஓக்லஹோமா சிட்டி புளூ அணிக்கும் ஆடியவர்கள். சத்னாம் காலத்தில் இதன் பெயர் டி லீக். 2017-இல்தான் ஜி லீக் ஆயிற்று.

பதில் 7: எண்கணக்கன்

ஒரு சிறு எச்சரிக்கை. பழைய ஆட்டக் குறிப்புகளைத் தேடும்போது அணிப் பெயர்கள் உங்களைக் குழப்பும். லேக்லேண்ட் மேஜிக் 2023-இல் கிசிம்மி நகருக்கு இடம்பெயர்ந்து ஆசியோலா மேஜிக் ஆகிவிட்டது. தாங்கள் கோப்பை வென்ற டிஸ்னி வளாகத்துக்குப் பக்கத்து ஊரையே சொந்த ஊராக்கிக்கொண்டார்கள். ஈரி பேஹாக்ஸ் அடுத்த சீசனிலேயே பர்மிங்காமுக்குப் போய் ஸ்குவாட்ரன் ஆயிற்று. கேன்டன் சார்ஜ் கிளீவ்லேண்டுக்கு மாறியது. கல்லூரி மாணவர்களும் தம் பெயரை வைத்துப் பணம் ஈட்டலாம் என்று 2021 ஜூலையில் விதி தளர்த்தப்பட்ட பிறகு இக்னைட்டுக்கு வருவதற்கான காரணமே மெல்லக் கரைந்துபோய், 2023–24 சீசனோடு அந்த அணியையும் கலைத்துவிட்டார்கள். ஆகவே ஆண்டு மலரில் 2021-இல் இருந்த பெயரையே போட்டு, இப்போதைய பெயரை அடிக்குறிப்பில் கொடுங்கள். இறுதி ஆட்டத்தின் புள்ளிப் பட்டியலை எடுத்துப் பார்க்கும்போது ஃப்ரீ த்ரோ கட்டத்தை மட்டும் கவனமாகப் படியுங்கள். ஓர் எறிதல் ஒரு புள்ளி என்ற நம் பழக்கத்தில் கூட்டினால் மொத்தம் 97 வராது.